நாலு கட்டிலுக்கு ஒரு டிவி

அம்சவல்லி விழுந்துவிட்டாள் என்றால் ஊரில் முதலில் ஒருத்தரும் நம்பவில்லை. இருபத்திரண்டு வருஷமாக நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிறவள். முழங்கால் சேற்றிலும், வாய்க்காலின் குறுக்கே போட்ட வழுக்கு மரத்திலும் கால் பிசகாமல் நடந்தவள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவளுக்குச் சறுக்கியது குட்டி யானையில். ஆள் ஏற்றிப் போகும் அந்தச் சின்ன வண்டி நிற்பதற்குள் குதித்தாள், மதகுக் கட்டையில் கால் இடறியது, வலது தொடை எலும்பு முறிந்தது. வலியில் கதறிக்கொண்டே, நாற்று வாடிவிடும், நீங்கள் போய் வயலில் இறங்குங்கள் என்று பெண்களை விரட்டினாளாம். இரண்டு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்கு ஓட, மீதிப் பேர் அழுதுகொண்டே நட்டார்கள்.

அவள் ஊர் ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே, கடைமடையில் இருக்கிறது. கடைமடை என்றால் ஆற்றுத் தண்ணீர் மேலே உள்ள அத்தனை ஊரையும் நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் மனசு வந்தால் எட்டிப் பார்க்கிற இடம். அவளுடைய அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் பண்ணை வேலை பார்த்தவர்கள். அவளும் புருஷன் சாமிதுரையும் குத்தகைக்குப் பிடித்து, ஆடு வளர்த்து, சீட்டுப் போட்டு, சொந்தமாக மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், நிலம் வாங்கினார்கள். ஒரே மகள் கலைமகள். நடவு ஆட்களோடு வண்டியில் போகும்போது ஒரத்தநாட்டுக் கால்நடைக் கல்லூரியின் நீளமான மதில் சுவரைப் பார்த்துப் பார்த்தே அம்சவல்லிக்கு ஒரு ஆசை வளர்ந்தது. மகள் அந்தச் சுவருக்கு உள்ளே போய்ப் படித்து, டாக்டராக வெளியே வந்தாள். இப்போது சீர்காழிப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் இருக்கிறாள். மாட்டு டாக்டர்தானே என்று யாராவது இழுத்தால், மனுஷனுக்காவது எங்கே வலிக்கிறதென்று சொல்ல வாய் இருக்கிறது, வாயில்லாத ஜீவனைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கிறவள்தான் டாக்டர் என்று அம்சவல்லி வாயடைத்துவிடுவாள்.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், கட்டில், மருந்து, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் காப்பீட்டு அட்டையில் போய்விட்டது. ஆனால் சர்க்கரை ஏறிக் கிடந்தது. அது இறங்கினால்தான் உள்ளே பிளேட் வைக்க முடியும் என்று சொல்லி, அதுவரை காலில் கயிறு கட்டி, கயிற்று நுனியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் படுக்க வைத்தார்கள். ஒரு நாள் கூட மதியத்துக்கு முன்னால் படுத்து அறியாதவளுக்கு அதுதான் பெரிய தண்டனை.

இதில் கால்மாட்டில் ஒரு டிவி. அந்த வார்டில் நாலு கட்டில், நாலு டிவி, ஒவ்வொன்றும் சக்கரம் வைத்த ஸ்டாண்டில். டிவிகளை வைத்திருந்தது ஆஸ்பத்திரி இல்லை, வெளியாள் ஒருத்தனுடைய கம்பெனி. காசு கட்டினால் ரிமோட் தருவார்கள். கட்டாவிட்டால் டிவி சும்மா இருக்காது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு டாக்டர் அதில் வந்து, சத்தமில்லாமல் சிரித்து, கை கூப்பி, மறுபடி முதலிலிருந்து சிரிப்பார். ரிமோட் இல்லாமல் அதை நிறுத்தவும் முடியாது. ஊசி போடும்போதும் சிரிக்கிறார், படுக்கையிலேயே பாத்திரம் வைக்கும்போதும் சிரிக்கிறார். அம்சவல்லிக்கு வந்த எரிச்சலில், நர்ஸைக் கூப்பிட்டுத் தன் ஈரிழைத் துண்டை அதன் மேல் போர்த்தச் சொன்னாள்.

டிவிக்குக் காசு வாங்க வருகிறவர் பேர் நெடுமாறன். ஐம்பது வயது, நிதானமான மனுஷர், இடுப்பில் ரிமோட்டுகள் நிறைந்த ஒரு பை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது ரூபாய் என்றார். நடவில் அரை ஆள் கூலி அது! எலும்பை ஒட்ட வைக்கிறவன் காசு கேட்கவில்லை, பொம்மை காட்டுகிறவன் கேட்கிறான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சும்மாவா சொன்னார்கள்? அம்சவல்லி வார்டே கேட்கும்படி ஒரு சபதம் போட்டாள்.

"என் கால்மாட்டுல இருக்கற இந்தப் பொட்டிக்கு நான் நூத்தம்பது ரூபா குடுத்தேன்னா, என் பேரை மாத்தி வச்சுக் கூப்பிடுங்க."

நெடுமாறன் கோபித்துக்கொள்ளவில்லை. முதல் நாள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள், மூன்றாம் நாள் அவர்களே கூப்பிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மனுஷர் சொன்னது பலித்தது. மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். ஆனால் அவர் நினைத்த மாதிரி இல்லை.

அதற்கு முன்னால் மற்ற மூன்று பேரையும் சொல்லிவிடுகிறேன். அம்சவல்லிக்கு அடுத்த கட்டில் சாவித்திரி, ஒரத்தநாட்டுக் கடைத்தெருவில் பூக்கடை வைத்திருப்பவள். முழங்காலில் முறிவு. கோயில் நிகழ்ச்சி என்றால் உயிர். மூன்றாவது கட்டில் விஜயலட்சுமி, அறுபத்தாறு வயது, மயிலாடுதுறைப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம், மகன் குவைத்தில். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு போயிருந்தது. அந்த அம்மாளிடம் காசு இருந்தது, மனசும் இருந்தது, ஆனால் தனியாக உட்கார்ந்து பார்த்தால் அது சீரியலே இல்லை, பக்கத்தில் ஒரு ஆள் 'அடிப்பாவி' என்று சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. கடைசியில், ஜன்னல் ஓரத்துக் கட்டில் செந்தாமரைக்கு. அரிசி ஆலையில் வேலை பார்க்கிறவள், நாற்பது வயது இருக்கும். கை முறிவு, அதனால் அவள் மட்டும் எழுந்து நடப்பாள். டீ வாங்கக்கூட மடியில் காசு இல்லாதவள், அதைச் சொல்லவும் கூச்சப்படுகிறவள்.

விஜயலட்சுமியைப் பார்த்த முதல் நாள் அம்சவல்லிக்கு ஒரு சங்கடம் வந்தது. அந்த அம்மாளின் வைரத் தோட்டைப் பார்த்து, கட்டளை போடுகிற குரலையும் கேட்டதும், அவளுடைய வாய் பழைய பழக்கத்தில் 'அம்மா' என்று குழையப் பார்த்தது. அவளுடைய அம்மா இப்படிப்பட்ட வீடுகளின் கொல்லைப்பக்கம் நின்று, 'அம்மா, கொஞ்சம் பழையது இருந்தா' என்று கேட்டுக் கேட்டே காலம் தள்ளினவள். சின்னப் பிள்ளையாக அந்த முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே, பெரியவளானால் யாரிடமும் எதையும் கேட்டு வாங்குவதில்லை என்று அம்சவல்லி முடிவு கட்டிவிட்டாள். அதனால் வாயைத் திருத்திக்கொண்டு, 'அக்கா' என்றாள். விஜயலட்சுமி அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்க ஒன்றரை நாள் ஆனது.

இப்போது மூன்றாம் நாளுக்கு வருவோம். நாலு பேரும் அந்தச் சிரிக்கிற டாக்டரைப் பார்த்து நொந்துபோயிருந்த நேரத்தில், அம்சவல்லி தன் யோசனையைச் சொன்னாள். நாலு கட்டிலுக்கும் காசு கட்டினால் தினம் அறுநூறு. ஒரு டிவிக்கு மட்டும் கட்டினால் நூற்றைம்பது. அந்த ஒரு டிவியை, வாய்க்கால் தண்ணீர் மாதிரி, கட்டிலுக்குக் கட்டில் முறை வைத்துக்கொள்வோம். மூன்று பேர் ஆளுக்கு ஐம்பது போடுவோம். செந்தாமரை காசு போட வேண்டாம், அவளுக்குத்தான் கால் நல்லா இருக்கிறதே, ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு போய் அந்தந்தக் கட்டிலில் பிளக் சொருகட்டும். எங்கள் ஊரிலும் வாய்க்கால் வெட்டக் காசு கொடுக்க முடியாதவர்கள் மண்வெட்டியோடு வருவார்கள், அதில் குறைச்சல் ஒன்றும் கிடையாது என்றாள். செந்தாமரையின் முகம் மலர்ந்துவிட்டது. அம்சவல்லி நெடுமாறனைக் கூப்பிட்டு, விஜயலட்சுமி கட்டில் டிவியை மட்டும் திறக்கச் சொன்னாள்.

முறை எப்படி வைப்பது? வாசல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போகலாமே என்றாள் சாவித்திரி. அங்கேதான் அம்சவல்லியின் கடைமடை ரத்தம் கொதித்தது. வாசலிலிருந்து ஆரம்பித்தால் ஜன்னல் ஓரத்துக்காரிக்குத் தூங்கும் நேரம்தான் மிஞ்சும், மேலேயிருந்து தண்ணீர் விட்டு விட்டுத்தான் எங்கள் ஊர் காய்ந்தது, கடைமடைக்கு முதல் தண்ணீர் என்று ஒரே போடாகப் போட்டாள். சாயங்காலம் ஐந்தரைக்குச் செந்தாமரை, ஆறேகாலுக்குச் சாவித்திரி, ஏழிலிருந்து எட்டரை வரை விஜயலட்சுமி. அம்சவல்லிக்கு? நடவில் ஆள் கூட்டி வந்தவள் கடைசி மூலையில்தான் இறங்குவாள், சோறும் கடைசியில்தான் தின்பாள். அந்தப் பழக்கத்தில், சாப்பாடு, மாத்திரை எல்லாம் முடிந்து ஒன்பது மணிக்கு மேல் தனக்கு வைத்துக்கொண்டாள். ஒன்பதரைக்கு நர்ஸ் வந்து விளக்கை அணைத்துவிடுவாள். போகட்டும், எனக்கு என்ன பார்க்க வேண்டியிருக்கிறது என்று நினைத்தாள். அந்த நினைப்புத்தான் பின்னால் அவளைக் குத்தப் போகிறது.

முறை தப்பக்கூடாது என்பதற்கு அவள் ஒரு கதையும் சொன்னாள். ஒரு வருஷம் ஆற்றில் தண்ணீர் குறைந்து, ஊரே முறை வைத்துப் பாய்ச்சியது. மதகுக்குக் காவல் இவள். கூடப்பிறந்த அண்ணன் வந்து, என் முறை நாளைக்குத்தான், ஒரு மணி நேரம் முன்னால் திறந்து விடேன் என்று கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டாள். ஒரு வருஷம் அவர் பேசவில்லை. ஆனால் அதே வாரம், இவளைக் கண்டாலே காறித் துப்புகிற ஒருத்தனுடைய வயலுக்கு, முறை இல்லாத நாளில் மதகைத் திறந்து விட்டாள். ஏனென்றால் அவன் பயிர் சூல் பிடித்திருந்தது. கதிர் உள்ளே இருந்து வெளியே வரப்போகிற நேரம். அப்போது தண்ணீர் இல்லாவிட்டால் அத்தனையும் பதர். சூல் பயிருக்கு மட்டும் முறை கிடையாது, யாரும் கேட்கவும் வேண்டாம், முறைக்காரனே விட்டுவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம்.

விஜயலட்சுமி கண்ணை மூடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்திலும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

அன்றிலிருந்து அந்த வார்டுக்கு ஒரு களை வந்துவிட்டது. டிவி சக்கரம் கிறீச் கிறீச்சென்று கட்டிலுக்குக் கட்டில் போகும். சாவித்திரி முறையில் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். விஜயலட்சுமி முறையில் எல்லாரும் ஒரு மாமியாரைத் திட்டுவார்கள். ஒரு நாள் ஏதோ ஊர்த் தேர் நேரலையில் வந்துகொண்டிருந்தது, தேர் நிலைக்கு வர இன்னும் பத்து நிமிஷம்தான், கொஞ்சம் பொறுத்துக்கோ என்று சாவித்திரி கெஞ்சினாள். ஏழு அடித்ததும் அம்சவல்லி ஸ்டாண்டைத் தள்ளச் சொல்லிவிட்டாள். "தேர் நெலைக்கு வந்துரும், முறை தப்பினா திரும்ப வராது" என்றாள். சாவித்திரி அன்றைக்கு இவளோடு பேசாமலே இட்லி தின்றாள்.

நெடுமாறனுக்குத்தான் முகம் சரியில்லை. நாலு கட்டிலில் வர வேண்டிய பணம் ஒரு கட்டிலில் நின்றது. பக்கத்து வார்டுக்காரர்கள் இதைப் பார்த்து அவர்களும் முறை வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, மேலே சொல்லிவிட்டார்.

எட்டாம் நாள் மதியம் கலைமகளிடமிருந்து போன் வந்தது. அம்சவல்லியிடம் இருப்பது பட்டன் போன், பேசினால் பாதி வார்டுக்குக் கேட்கும். மகள் மூச்சு வாங்கப் பேசினாள். சென்னையில் இருக்கிறாளாம். மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, அரசு சேனலில் விவசாயிகளுக்கான நேரலை, அரை மணி நேரம், மழைக்காலத்தில் ஆடு பராமரிப்பு. பேச வேண்டிய பெரிய டாக்டருக்கு உடம்பு சரியில்லையென்று, கடைசி நேரத்தில் இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது, நீ பார்க்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேசப் போகிறேன், அங்கே டிவி இருக்கிறதுதானே என்று கேட்டாள்.

"கால்மாட்டுலயே இருக்குடி" என்றாள் அம்சவல்லி. பொய் இல்லைதான். துண்டு போர்த்திக்கொண்டு கால்மாட்டில்தான் இருந்தது.

போனை வைத்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. ஏழு மணி! ஏழு மணி விஜயலட்சுமியின் முறை. அதுவும் நாளைக்கு என்ன நாள் தெரியுமா? மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருந்த சீரியல் கல்யாணத்துக்கு நாளைக்குத்தான் முகூர்த்தம். மாப்பிள்ளை தாலி கட்டுவானா மாட்டானா என்று நர்ஸ் உள்பட அந்த மாடியே காத்துக்கொண்டிருந்தது. மாற்றிக்கொள்ளலாம் என்றால் இவள் கையில் இருப்பது ஒன்பது மணி முறை. விளக்கணைக்கிற நேரத்தை வைத்துக்கொண்டு யாரோடு பேரம் பேசுவது? சாவித்திரிக்குப் பத்து நிமிஷம் கொடுக்காத வாய், எனக்கு அரை மணி கொடு என்று எப்படிக் கேட்கும்? அதுவும் யாரிடம்? வைரத் தோடு போட்ட ஒரு வீட்டம்மாளிடம். நாற்பத்தைந்து வருஷம் கேட்காமல் இருந்ததெல்லாம், படுத்த படுக்கையில் கேட்பதற்கா?

சபதத்தை விழுங்குவதென்று முடிவு பண்ணினாள். மகளுக்காகத்தானே, பேரை மாற்றிக் கூப்பிட்டால் கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். நெடுமாறன் வந்ததும், மற்றவர்களுக்குக் கேட்காமல் கிட்டே கூப்பிட்டு, நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் என் டிவியைத் திறந்துவிடுங்கள் என்று, தலையணைக்கு அடியிலிருந்து நூற்றைம்பதை எடுத்து நீட்டினாள்.

அவர் கேலி பண்ணுவார் என்று நினைத்தாள். பண்ணவில்லை. முகம் சுருங்கிப்போய் நின்றார். முந்தாநாளிலிருந்து கம்பெனியில் ஒரு நாள் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். புதிதாகத் திறப்பதென்றால் ஐந்து நாளுக்குச் சேர்த்து எழுநூற்றைம்பது, ரிமோட்டுக்கு முன்பணம் ஐந்நூறு. ஏற்கெனவே ஓடுகிற டிவிக்குத்தான் பழைய கணக்கு. "நீங்க முறை வச்சதாலதாங்க சட்டம் மாறிச்சு" என்றார்.

தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான். ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் அவளிடம் இல்லை. மகளிடம் சொன்னால் அடுத்த நிமிஷம் அனுப்புவாள். ஆனால் மகள்தான் இப்போது அப்பாவுக்கும், ஆட்டுக்கும், வயலுக்கும் சேர்த்துச் செலவு பார்க்கிறாள். அவளிடமா கேட்பது? போன் பேச்சைக் காதில் வாங்கியிருந்த செந்தாமரை, தன் கீறல் விழுந்த போனில் பார்க்கலாம் என்றாள். அந்த வார்டுக்குள் பேசத்தான் சிக்னல் வரும், படம் ஓடாது. மறுநாள் போனில் அனுப்புவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றினாள். அம்சவல்லிக்கு மனசு ஆறவில்லை. கல்யாணத்துக்குப் போகாமல் மறுநாள் மிச்சச் சோற்றைத் தின்கிற மாதிரி. சாமிதுரை பார்ப்பார், ஊரில் அத்தனை பேரும் பார்ப்பார்கள், அவள் கூட்டிப் போகிற பதினெட்டு நடவுப் பெண்களும் பார்ப்பார்கள். பெற்றவள் மட்டும் ஒரு துண்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். நினைக்க நினைக்க அழுகை வந்தது. அழுதாள். மூக்கைச் சிந்தி, சளி பிடித்திருக்கிறது என்று நர்ஸிடம் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் ஐந்தரைக்குச் செந்தாமரை முறையில் நகைச்சுவைக் காட்சிகள் ஓடின, இவள் சிரிக்கவில்லை. ஆறேகாலுக்குச் சாவித்திரி முறை. ஏதோ கும்பாபிஷேகம். அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. ஏழடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, இதெல்லாம் தெரிந்த செந்தாமரை விஜயலட்சுமியின் கட்டிலருகே குனிந்து ஏதோ சொன்னதை அவள் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்ப முடியாமல் கால் கயிற்றில் கிடந்ததால், முந்தானையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

சக்கரம் கிறீச்சிட்டது. மூன்றாவது கட்டிலுக்குப் போக வேண்டிய சத்தம், இந்தப் பக்கம் வந்தது. முந்தானையை விலக்கினாள். அவள் கால்மாட்டில், துண்டு போர்த்திய பெட்டியை ஓரம் தள்ளிவிட்டு, அந்தப் பொது டிவியை நிறுத்திச் செந்தாமரை பிளக் சொருகிக்கொண்டிருந்தாள். ரிமோட் விஜயலட்சுமி கையில்தான் இருந்தது. எட்டாத தூரத்திலிருந்து கையை நீட்டி நீட்டி, அரசு சேனலைத் தேடிக்கொண்டிருந்தார்.

அம்சவல்லி பதறிவிட்டாள். "அக்கா, என்ன பண்றீங்க? இது உங்க முறை."

விஜயலட்சுமி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சூல் பயிருக்கு முறை ஏது அம்சவல்லி? நீ கேக்கணும்னு நான் காத்திருந்தா, அப்புறம் நான் என்ன முறைக்காரி?"

அம்சவல்லிக்குப் பதில் சொல்ல நேரமில்லை. திரையில் கலைமகள் வந்துவிட்டாள்.

கத்தரிப்பூக் கலர்ப் புடவை கட்டியிருந்தாள். முதல் இரண்டு நிமிஷம் விரலோடு விரலைப் பின்னிக்கொண்டே பேசினாள். இங்கே அம்சவல்லியும் அதே மாதிரி விரலைப் பின்னிக்கொண்டிருந்தாள். அப்புறம் ஆட்டுக் குட்டிக்குக் கழிச்சல் வந்தால் என்ன செய்வது என்று ஒருத்தர் போனில் கேட்க, பிள்ளைக்குத் தைரியம் வந்துவிட்டது. பிள்ளைக்கு முடியாமல் தூக்கி வந்த தாய்க்குச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். சாவித்திரி, எனக்கு ஒரு ஆடும் இல்லை, இருந்தாலும் கேட்கக் கேட்க வாங்க வேண்டும் போலிருக்கிறது என்றாள். விஜயலட்சுமி, உஸ் என்றார்.

அந்த நேரம் பார்த்து நெடுமாறன் உள்ளே வந்தார். டிவியை வேறு கட்டிலுக்கு நகர்த்தக்கூடாது என்று முந்தாநாள்தான் சுவரில் காகிதம் ஒட்டியிருந்தார்கள், அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் இவர்கள் நகர்த்தி வந்தார்கள். நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் டிவியைப் பார்த்தார், அம்சவல்லியைப் பார்த்தார். என் வீட்டிலும் மூன்று குட்டி கழிந்துகொண்டு கிடக்கிறது என்று சொல்லிவிட்டு, ரிமோட் பையை மடியில் வைத்து அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முடிகிற நேரத்தில் கலைமகள் ஒன்று சொன்னாள். மழை விட்ட உடனே ஆட்டை அவிழ்த்து விடாதீர்கள், காலையிலும் வெயில் விழுந்து புல் காய்ந்த பிறகே மேய விடுங்கள், ஈரப் புல் நுனியில் குடற்புழுவின் குஞ்சுகள் ஏறி நிற்கும், ஆடு அதையும் சேர்த்துத் தின்றுவிடும் என்றாள்.

"அது நான் சொன்னது!" என்று அம்சவல்லி கத்திவிட்டாள். "வெயில் விழட்டும், வெயில் விழட்டும்னு நான் தலையில அடிச்சுக்குவேன், பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு அவிழ்த்து விட்டுட்டு ஓடுவா கழுதை. இப்ப உலகத்துக்கே சொல்லிக் குடுக்கறா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். இந்தத் தடவை சளி என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் புழுக் குஞ்சு விஷயம் மட்டும் அவளுக்கு இத்தனை வருஷமும் தெரியாது. காரணம் தெரியாமலே சரியாகச் சொல்லியிருக்கிறோம் என்பதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஏழரைக்கு நிகழ்ச்சி முடிந்தது. செந்தாமரை ஸ்டாண்டை ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போய் மூன்றாவது கட்டிலில் நிறுத்தினாள். மேளச் சத்தம் கேட்டது. அதே நேரம் அம்சவல்லியின் போன் அடித்தது.

"அம்மா, பாத்தியா?" என்றாள் மகள்.

"பாத்தேன்."

"டிவி நல்லாத் தெரிஞ்சுச்சா?"

தெரிந்தது என்று சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் அம்சவல்லிக்கு உள்ளதைச் சொல்லத் தோன்றியது. ஒரே டிவிதான், நாலு பேருக்கு முறை, ஏழு மணி முறை அவளுடையது இல்லை, மூன்றாவது கட்டில் அக்கா தன் முறையை விட்டுக் கொடுத்தார்கள் என்றாள். கூடப்பிறந்த அண்ணனுக்கே ஒரு மணித் தண்ணீர் கொடுக்காத அம்மாவை விவரம் தெரிந்த நாள் முதல் அறிந்தவள் மகள்.

"நீ கேட்டியாம்மா?"

"கேக்கல. சூல் பயிருக்கு யாருடி கேப்பாங்க?"

மகளுக்குப் புரிந்தது. எத்தனை தடவை கேட்ட கதை அது! அவளும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். அம்சவல்லி அந்தப் புழுக் குஞ்சு விஷயத்தைச் சத்தமாக விசாரிக்க ஆரம்பித்தாள்.

"அம்சவல்லி!" என்று மூன்றாவது கட்டிலிலிருந்து அதட்டல் வந்தது. "பேசறதா இருந்தா எந்திரிச்சு வெளிய போய்ப் பேசு. தாலி எடுத்துட்டான்."

காலை எடைக்கல் இழுத்துக்கொண்டிருக்க எங்கே எழுந்து போவது? அம்சவல்லி போனைப் பொத்திக்கொண்டு, சரிக்கா என்றாள். நெடுமாறன் ஸ்டூலோடு அந்தக் கட்டில் பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் கால்மாட்டு ஓரத்தில், நகர்த்தியபோது துண்டு நழுவி விழுந்த பெட்டியில், அந்த டாக்டர் சத்தமில்லாமல் சிரித்துக் கை கூப்பினார். அன்றைக்கு அவளுக்கு அவர் மேல்கூடக் கோபம் வரவில்லை.

தாலியை எடுத்தானே தவிர, அவன் அன்றைக்கும் கட்டவில்லை.